வழக்கு ரத்தானால் முதலில் தேதியை எண்ணுங்கள்

போன வருடம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பெரியவர் ஜவுளிக்கடைப் பை நிறையக் காகிதங்களோடு எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். குத்தகை வேலை செய்த பாக்கி 1,80,000 ரிங்கிட், பினாங்கு செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கு. "கேஸ் நடந்துக்கிட்டு இருக்குன்னுதான் தம்பி நெனச்சேன்" என்றார். பைக்குள் ஒரு பக்க மலாய் உத்தரவு கிடந்தது: வழக்கு மேலாண்மைத் தேதிக்கு (விசாரணைக்கு முன் வழக்கின் நிலையை நீதிமன்றம் கேட்கும் நாள்) வாதி தரப்பில் யாரும் வரவில்லை, வழக்கு ரத்து, மீண்டும் தாக்கல் செய்ய அனுமதி உண்டு.

அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் அவர் தெம்பாக இருந்தார், பலரும் அப்படித்தான் ஏமாந்துபோகிறார்கள். 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 வருடம்தான். அவருக்குப் பணம் வரவேண்டிய நாள் 2016 மார்ச். முதல் வழக்கு ஓடிய காலம் அந்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படாது, நீதிமன்றம் கொடுத்த அனுமதியும் காலவரம்பை நீட்டாது. புதிதாகப் போட்டால் எதிர்த்தரப்பு முதல் பத்தியிலேயே காலாவதி என்று எழுதிவிடுவார்கள். ஆக, ரத்து உத்தரவையே நீக்கி, பழைய வழக்கை உயிர்ப்பிப்பது ஒன்றுதான் வழி.

அதற்கும் கெடு உண்டு. 2012 நீதிமன்ற விதிகளில், முழு விசாரணை நாளில் வராததால் வந்த தீர்ப்பை நீக்க 14 நாள். பொதுவாக மற்ற உத்தரவுகளுக்கு, கையில் கிடைத்ததிலிருந்து 30 நாள், அதற்குள் மனுவை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்கவும் வேண்டும். கெடு தாண்டினால் கூடுதல் அவகாசமும் சேர்த்துக் கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு வாரத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலான மனுக்கள் சறுக்குகின்றன. "முந்தைய வக்கீலின் கவனக்குறைவு" என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள், நீதிமன்றம் அதை மட்டும் வைத்துக் கதவைத் திறந்துவிடாது. நாங்கள் பெரியவரின் கைப்பேசியை வாங்கி வாட்ஸ்அப்பைத் தேடினோம். "சார் அடுத்த தேதி எப்போ?" என்று நாலு தடவை கேட்டிருக்கிறார், நாலிலும் இரட்டை நீலக் குறி, பதில் மட்டும் இல்லை. அந்தப் பக்கங்களும், மனைவி பக்கவாதத்தில் படுத்திருந்த மாதங்களின் மருத்துவமனைச் சீட்டுகளும் அப்பிடவிட்டோடு (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) போயின. தாமதம் மிதமிஞ்சியதா, ஏற்கத்தக்க காரணம் உண்டா, எதிர்த்தரப்புக்குப் பாதிப்பு உண்டா என்ற கேள்விகள், இங்கிலாந்தின் 1977 பிர்க்கெட் எதிர் ஜேம்ஸ் தீர்ப்பிலிருந்து நம் நீதிமன்றங்களிலும் அடிக்கடி கேட்கிறவைதான். எதிர்த்தரப்புச் சாட்சிகள் எல்லோரும் உயிரோடு இருந்தது, கணக்குப் புத்தகங்கள் பத்திரமாக இருந்தது, இரண்டும் எங்களுக்குக் கைகொடுத்தன.

உத்தரவு நீங்கியது, எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்லி. அது நியாயம்தான்.

வழக்கு நடத்துகிறவர்களுக்கு ஒன்று. தொலைபேசி எண் மாறினால் அன்றைக்கே வக்கீல் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், ஒவ்வொரு தேதி முடிந்ததும் அடுத்த தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் பதில் இல்லையா, வழக்கு எண்ணை எடுத்துக்கொண்டு லைட் ஸ்திரீட் நீதிமன்றப் பதிவகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள்.