ஆறு விரல் காலம் முடிந்துவிட்டது

ஏஐ செய்த படமா என்று கண்டுபிடிக்க, கை தெரிந்தால் விரலை எண்ணிப் பார், ஆறு இருக்கலாம் என்பதுதான் 2023-இல் எல்லோரும் சொன்ன வழி. அந்த ஆண்டு மார்ச்சில், போப் பிரான்சிஸ் வெள்ளைப் பஃபர் ஜாக்கெட் அணிந்து நடந்துவரும் படம் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் உருவாகி உலகைச் சுற்றியது. உற்றுப் பார்த்தவர்களுக்குப் பிடி கிடைத்தது: காபிக் கோப்பையை அவர் விரல்கள் சரியாகப் பிடிக்கவே இல்லை. மார்பிலிருந்த சிலுவைக்குச் சங்கிலி ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. இன்றைய கருவிகள் விரல்களைப் பெரும்பாலும் சரியாகவே போடுகின்றன. ஆனால் அந்தப் பிழைகளுக்கு எது காரணமோ, அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கேமராவுக்கு முன்னால் ஓர் இடம் இருக்கிறது; வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து லென்ஸுக்குள் வருகிறது. படம் செய்யும் ஏஐ மாடலுக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. சிக்னல் போன டிவியில் தெரியும் புள்ளிக்கூட்டம் போன்ற இரைச்சலில் தொடங்கி, நாம் எழுதிக் கொடுத்த வரிக்கு எது பொருத்தமாகத் தோன்றுமோ அதை நோக்கி அது படிப்படியாக இரைச்சலைக் குறைத்துக்கொண்டே போகிறது. ஆகவே தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும். ஒன்றோடொன்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இடிக்கும்.

சிறிய உருவங்கள் கெடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டேபிள் டிஃபியூஷன் என்ற படக் கருவியின் முதல் பதிப்புகள் 512 பிக்சல் சதுரப் படத்தை உள்ளே 64-க்கு 64 கட்டங்களாகச் சுருக்கித்தான் வேலை செய்தன. அதாவது 8-க்கு 8 பிக்சலுக்கு ஒரு கட்டம். கூட்டத்தின் பின்வரிசையில் 40 பிக்சல் அகலமுள்ள முகத்துக்குக் குறுக்கே 5 கட்டம்தான் கிடைக்கும். கண்ணும் மூக்கும் வாயும் அதற்குள் அடங்க வேண்டும். குழையாமல் என்ன செய்யும்? அதனால் நடுவில் நிற்பவரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவர்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைப் பலகைகளையும் படியுங்கள். புதிய கருவிகள் ஆங்கில எழுத்தைத் தேற்றிக்கொண்டுவிட்டன. தமிழில் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் ஒட்டிக்கொள்வது இன்னும் நடக்கிறது.

இவற்றையெல்லாம்விட நம்பகமானது நிழல். போனில் படத்தின் மேல் கோடு வரையும் வசதியைத் திறந்து, நிழலின் நுனியிலிருந்து, அந்த நிழலை விழச்செய்த பொருளின் நுனி வழியாக ஒரு நேர்கோடு போடுங்கள். மரத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, கம்பத்துக்கு ஒன்று என மூன்று போதும். வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால், நீட்டும்போது மூன்றும் ஒரே புள்ளியில் சேரும். சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருந்தால் அந்தப் புள்ளி கீழ்ப்பக்கம் விழும். பக்கவாட்டில் இருந்தால் கோடுகள் ஏறக்குறைய இணையாகப் போகும். இதைக் கண்ணளவில் மட்டும் முடிவு செய்யாதீர்கள். மேடுபள்ளத் தரையில் உண்மையான நிழல்களே வேறு வேறு திசையில் போவதுபோலத் தெரியும். நிலவில் எடுத்த படங்களைப் பொய் என்றவர்கள் வழுக்கிய இடம் அதுதான்.

வீடியோவில் தேட வேண்டியது தொடர்ச்சி. 2025 ஜூலையில், இரவு நேரத்து வீட்டுக் கேமரா பிடித்ததுபோல, டிராம்போலின் என்ற குதிக்கும் வலையில் முயல்கள் குதிக்கும் ஏஐ டிக்டாக் வீடியோவைக் கோடிக்கணக்கானோர் ரசித்தார்கள். நடுவே ஒரு முயல் எங்கும் போகாமல் அப்படியே மறைந்துபோனது. மங்கலான சிசிடிவித் தோற்றத்தைத் தேர்ந்தெடுப்பது தற்செயலல்ல. தெளிவில்லாத படத்தில் குறைகளும் தெளிவாகத் தெரியாது. யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கணினி விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக முன்னேறும். காற்புள்ளி விசை பின்னால் கொண்டுபோகும். விஎல்சி பிளேயரில் முன்னேற ஆங்கில ‘E’ விசை. ஒருவர் தூணுக்குப் பின்னால் போய் வெளியே வரும் இடங்களில் நிறுத்தி, சட்டைப் பொத்தானையும் கைப்பையையும் ஒப்பிடுங்கள். கூகுளின் வீடியோ கருவியான வியோ 3 ஒரு தடவைக்கு 8 விநாடிதான் உருவாக்கியது. 8 விநாடிக்குள் வெட்டு விழுந்துகொண்டே இருக்கும் வீடியோ என்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

உண்மையான ஒருவரின் வீடியோவில் குரலையும் வாயசைவையும் மட்டும் மாற்றி, ‘இந்தத் திட்டத்தில் பணம் போடுங்கள்’ என்று தலைவர்களைப் பேசவைப்பது வேறு வகை. இங்கே தமிழே உதவிக்கு வருகிறது. ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒட்டியே ஆக வேண்டும். வகரத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். உதடு ஒட்டாத எழுத்துகளால் மட்டுமே பாடும் பாட்டுக்கு இதழகல் என்று தனிப்பெயரே வைத்தவர்கள் நாம். ஒலியை நிறுத்தாமல் வேகத்தைப் பாதியாக்கி, ‘பணம்’, ‘நம்பு’ போன்ற சொற்கள் வரும்போது வாயைப் பாருங்கள். உதடு மூடாமலே மகரம் கேட்டால் அது ஒட்டுவேலையாக இருக்கலாம். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், இந்தியாவில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்.

கோப்பிலேயே அடையாளம் இருக்கலாம். கூகுள் தன் கருவிகளின் படங்களில் சின்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத முத்திரையைப் பதிக்கிறது. ஜெமினி செயலியில் படத்தை ஏற்றிக் கேட்டால் சொல்லிவிடும். முத்திரை இல்லை என்று வந்தால், அதில் கூகுளின் முத்திரை இல்லை என்பது மட்டுமே பொருள். அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி போன்றவை 2021-இல் தொடங்கிய சி2பிஏ முறை, படம் எங்கே பிறந்தது, எதில் திருத்தப்பட்டது என்ற விவரத்தைக் கோப்போடு இணைக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், கூடவே இந்த விவரங்களும் உதிர்ந்துவிடும். சோதிக்க வேண்டுமானால், அனுப்பியவரிடம் அசல் கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ‘92 சதவீதம் ஏஐ’ என்று மதிப்பெண் போடும் தளங்களை நான் கடைசியில்தான் வைப்பேன். பலமுறை சுருங்கிய உண்மைப் படத்தையும் அவை போலி என்றுவிடும்.

2023 மே 22 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிப்பு என்றொரு படம் ட்விட்டரில் நீலக்குறிக் கணக்குகள் வழியாகப் பரவி, அமெரிக்கப் பங்குச்சந்தையைச் சில நிமிடம் சரித்தது. வேலிக்கம்பி தடுப்புக்குள் கரைந்திருந்தது உண்மைதான். ஆனால் அதைப் பெரிதாக்கிப் பார்க்காமலே பொய்யைப் பிடித்திருக்கலாம்: படத்தில் இருந்தது பென்டகனின் எந்தப் பக்கமும் அல்ல. அத்தனை பேர் நடமாடும் இடத்தில் வெடித்திருந்தால் பத்து நிமிடத்தில் பத்துக் கோணத்தில் வீடியோ வந்திருக்கும். வந்தது ஒரே ஒரு படம். பென்டகன் இருக்கும் அர்லிங்டனின் தீயணைப்புத் துறை, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அன்றே அறிவித்தது.