லோங்காங்கில் பிடித்த பாம்புக் குட்டிக்கு லைசன்ஸ் கிடைக்குமா?

ஜெலுத்தோங்கில் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் மகன் ஒரு மைலோ டின்னை நீட்டினான். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே, லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில் பிடித்த, சுண்டுவிரல் தடிமனில் ஒரு சாவா பாம்புக் குட்டி. மலைப்பாம்புதான்.

"குட்டிதானே மாமா, வளர்த்துக்கிட்டே லைசன்ஸ் எடுத்துக்கலாம்ல?"

முடியாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, வளர்ப்பதற்கு மட்டுமல்ல, பிடிப்பதற்கே லைசன்ஸ் கேட்கிறது. லோங்காங்கிலிருந்து தூக்கிய நிமிடமே தப்பு நடந்தாயிற்று. குட்டி என்ற சமாதானமும் எடுபடாது. குட்டிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, தண்டனையும் கூடுதல். தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும்தான் இந்தச் சட்டம். சபா, சரவாக்கில் வேறு.

சாவா, நீர் உடும்பு, ராஜநாகம், தோக்கே பல்லி எல்லாம் முதல் அட்டவணையில் வரும் 'பாதுகாக்கப்பட்டவை'. இவற்றை லைசன்ஸோடு வைத்திருக்கலாம். இரண்டாம் அட்டவணை 'முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை'. அவற்றுக்குச் சிறப்பு பெர்மிட் வேண்டும். வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர் அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

முறையான வழி சுற்றுவழியல்ல. விற்பவருக்கே வியாபார லைசன்ஸ் தேவை, அதை முதலில் காட்டச் சொல்லுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பெயருக்கான லைசன்ஸை மாநிலப் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் எடுத்த பிறகே பிராணியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஃபேஸ்புக்கில் 'மலிவு, பேப்பர் இல்லை' என்று வந்தால் மலிவு விற்பவருக்குத்தான்.

லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2010இல் விதித்ததே 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளை ஏற்றிவிட்டது. தோட்டத்துக் காலத்தில் உடும்புக்கறி சாப்பிட்ட கதையைப் பெரியவர்கள் ரசித்துச் சொல்வார்கள். கறியும் தோலும்கூட இந்தச் சட்டத்துக்குள்தான்.

இந்தியாவுக்குப் போய் வருகிறவர்களுக்கும் ஒன்று. நட்சத்திர ஆமை நம்மூர்ப் பிராணியல்ல, ஆனால் வீட்டில் வைத்தால் ராசி என்று பையில் போட்டு வருபவர்கள் உண்டு. 2019 முதல் அது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் இணைப்பில் இருக்கிறது. பெர்மிட் இல்லாமல் கொண்டுவந்தால் அந்த ஒப்பந்தத்துக்கான மலேசியச் சட்டம், சட்டம் 686 பாயும்: ஒரு ஆமைக்கு 1,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 7 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

999க்கு அழைத்தோம். வந்தவர்கள் குட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். மருமகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். டின்னை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டான்.