படகின் உடம்பும் ஆன்டெனாதான்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய மூன்றாம் நாள். மண்டபம் வடகடல் பக்கத்து விசைப்படகு டிரைவர் ஒருவர் ஜிபிஎஸ் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “அண்ணே, பெட்டி செத்துவிட்டது. ராத்திரி முழுவதும் நிற்கும் இடமே காட்டவில்லை. பக்கத்துப் படகின் விளக்கைப் பார்த்துக்கொண்டே வலை போட்டோம், அதைப் பிடித்துக்கொண்டே கரை வந்தோம்” என்றார்.

பெட்டியை என் பட்டறைக் கூரையில் இருக்கும் ஆன்டெனாவில் இணைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஒன்பது செயற்கைக்கோள்களைப் பிடித்துக்கொண்டது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அவருடனேயே படகுக்குப் போனேன். படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸின் கூரையில், காளான் குடை போல வெள்ளையாக இருக்க வேண்டிய ஆன்டெனா, கைப்பிடிக் கம்பிகளோடு சேர்ந்து பளபளவென்று மின்னியது. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்தவர், அதையும் விடாமல் சில்வர் பெயிண்ட் பூசியிருந்தார். அழகாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, அடியில் இருந்த வெள்ளை பிளாஸ்டிக் தெரியும்வரை எடுத்தேன். அங்கேயே, அதே பெட்டியில், எண்கள் வந்துவிட்டன.

இந்த ஆண்டில் நான் பார்த்த நான்காவது படகு அது. அதனால்தான் எழுதுகிறேன்.

சில்வர் பெயிண்டில் மின்னுவது அலுமினியத் துகள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து வந்து சேரும் அலை, வாங்கும் கருவிக்குள் இயல்பாகவே இருக்கும் இரைச்சலைவிடவும் மெல்லியது. அந்த மெல்லிய அலையைப் பிடிக்க, குடைக்குள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பீங்கான் வில்லை உட்கார்ந்திருக்கிறது. 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதிக்கு இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே உலோகத் துகள் படிந்தால் அலையில் ஒரு பங்கு உள்ளே வருவதற்குமுன் அழிந்துபோகும். தந்தியும் சுருதி விலகும். அதன்பிறகு இருபதாயிரம் ரூபாய்ப் பெட்டி வாங்கி வைத்தாலும் பயன் இல்லை.

படகுகளுக்கு வருமுன் பதினெட்டு ஆண்டுகள் நான் விமானங்களின் வானொலிக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். விமானக் கொட்டகையான ஹாங்கரில் முதல் மாதம் மூத்த மெக்கானிக் ஒருவர் என்னை விமானத்தின் மூக்குக்கு முன்னால் நிறுத்தி, “இது என்ன?” என்று கேட்டார். மூக்கு என்றேன். “இல்லை, இது ரேடார் பார்க்கும் ஜன்னல்” என்றார். மூக்குக் கூம்பு உலோகம் அல்ல. அலை ஊடுருவிப் போகும் கண்ணாடியிழைக் கலவை. அதன்மேல் எந்தப் பெயிண்ட், எத்தனை பூச்சு என்பதற்குக் கண்டிப்பான அளவு உண்டு. உலோகத் துகள் கலந்த பெயிண்ட் கூடவே கூடாது. கலவையின் அடுக்குக்குள் மழைநீர் ஊறினால் ரேடார் பார்வை அந்தப் பக்கம் மங்கிவிடும். விமானிக்குப் புயல் மேகம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரியும்.

உச்சிப்புளி பக்கம் இருப்பவர்கள் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளத்திலிருந்து டோர்னியர் விமானங்கள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். கடலைக் கண்காணிக்கும் டோர்னியரின் வயிற்றில் ஒரு புடைப்பு தெரியும். அதுவும் இப்படிப்பட்ட ஜன்னல்தான். உள்ளே ரேடார் ஆன்டெனா சுழல்கிறது. முதுகிலும் வயிற்றிலும் மீனின் துடுப்பு மாதிரி நிற்கும் சிறு தகடுகள் பேச்சு வானொலிக்கானவை. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவைதான் எனக்கு எப்போதும் வியப்பு.

பழைய விமானங்களில் விமானி அறைக்கு மேலிருந்து வால்வரை ஒரு கம்பியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். வேகம் கூடக் கூட அந்தக் கம்பி காற்றை இழுத்தது, பனி உறைந்தது, அறுந்தது. அதனால் ஆன்டெனாவை உடம்புக்குள்ளேயே புதைத்தார்கள். பல பயணிகள் விமானங்களில் நெடுந்தூரப் பேச்சுக்கான ஆன்டெனா வாலின் முன்விளிம்பில், கண்ணாடியிழை மூடிக்கு அடியில் மறைந்திருக்கிறது. அது பேசும் அலையின் நீளமோ, 3 மெகாஹெர்ட்ஸில் நூறு மீட்டர். வாலுக்குள் இருக்கும் சிறு பொருளால் அந்த நீளத்துக்கு எப்படி ஈடுகொடுக்க முடியும்? அது தனியாக ஈடுகொடுப்பதில்லை. அது மின்னோட்டத்தைத் தட்டி எழுப்புகிறது. மின்னோட்டம் வால், உடல், இறக்கை என்று விமானத்தின் தோல் முழுவதும் ஓடுகிறது. விமானமே ஆன்டெனா ஆகிவிடுகிறது.

இதையே இன்னும் கடுமையான இடத்தில் செய்துகாட்டியது இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு. இலக்கின் அருகில் போனதும் தானாக வெடிக்க வேண்டும் என்பதற்காக, அமெரிக்காவில் இயற்பியலாளர் மெர்ல் டுவே தலைமையிலான குழு குண்டின் மூக்குக்குள் ஒரு சிறு வானொலியை வைத்தது. பீரங்கியிலிருந்து கிளம்பும்போது புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு உதை. கூடவே பம்பரச் சுழற்சி. நீட்டிக்கொண்டிருக்கும் எந்தக் கம்பியும் அங்கே நிற்காது. பிளாஸ்டிக் மூக்குக்குள் ஒரு உலோக மூடி, அதிலிருந்து மின்காப்புப் பொருளால் பிரிக்கப்பட்ட எஃகு உடல்: இந்த இரண்டுமே ஆன்டெனாவின் இரு கைகள். குண்டு அனுப்பிய அலை விமானத்தில் பட்டுத் திரும்பி வந்து, போகும் அலையோடு மோதி எழுப்பும் துடிப்பு வலுத்ததும் வெடிக்கும். மின்கலத்தின் திராவகம் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும். சுடும் அதிர்ச்சியில் குப்பி உடைந்தால்தான் மின்சாரமே பிறக்கும். 1943 ஜனவரியில் ஹெலினா என்ற போர்க்கப்பல் இதை முதன்முதலாகப் போரில் பயன்படுத்தியது. அழிவுக்கான கருவி அது. அதை நான் போற்றவில்லை. ஆனால் உடலையும் ஆன்டெனாவையும் பிரிக்க முடியாது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

ராக்கெட்டும் ஏவுகணையும் வேறொரு சிக்கலைத் தீர்த்தன. பறக்கும்போது உருளும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆன்டெனா இருந்தால், அது தரையைப் பார்க்கும்போது செய்தி வரும், மறுபக்கம் திரும்பினால் அறுந்துபோகும். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மன்சன் 1974இல் விளக்கி எழுதிய வழி, உடலைச் சுற்றி ஒட்டியாணம் போல ஒரு மெல்லிய செப்புப் பட்டையை ஒட்டுவது. பட்டைக்கு ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால் போதாது. சுற்றளவில் எத்தனை அலைநீளம் அடங்குகிறதோ, குறைந்தது அத்தனை இடங்களில் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்போது எந்தப் பக்கம் உருண்டாலும் பேச்சு அறுவதில்லை. உங்கள் படகுக் குடைக்குள் இருக்கும் பீங்கான் வில்லையும் இந்தப் பட்டையும் ஒரே குடும்பம்.

இப்போது கரைக்கு வருவோம். விமானத்தில் ஓர் ஆன்டெனாவைப் பொருத்துமுன், அது உட்காரும் இடத்தில் பெயிண்டை முழுவதும் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி செய்வோம். பொருத்தியபின் இரண்டுக்கும் இடையே மின்தடை சில மில்லி ஓமுக்குள் இருக்கிறதா என்று அளப்போம். பிறகுதான் விளிம்பைச் சுற்றி நீர் புகாத பசை. எங்கள் கைக்கு வந்த ஆன்டெனாப் பழுதுகளில் நிறைய, தகட்டுக்கு அடியில் ஈரம் புகுந்து அரித்தவை. அதுவும் உப்புக் காற்று இல்லாத ஊர்களில்.

நம் கடற்கரையில் கச்சான் காற்று ஒரு பருவம் முழுக்க உப்பை அள்ளிக்கொண்டு வந்து பூசுகிறது. அலுமினிய அடித்தட்டில் எஃகு போல்ட்டை முடுக்கினால் இரண்டுக்கும் நடுவில் உப்புநீர் ஒரு மின்கலத்தையே உண்டாக்கி, அலுமினியத்தைத் தின்றுவிடும். கருப்புக் கேபிளின் இணைப்பு முனையைத் திறந்துபோட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போலக் கேபிளுக்குள் இருக்கும் செப்பு வலையில் உப்புநீர் ஏறும். வெளியே புதிதாகத் தெரியும். உள்ளே வெட்டிப் பார்த்தால் பச்சைக் களிம்பு. முனையில் மட்டும் புதிய பிளக் போட்டுப் பயனில்லை, கேபிளையே மாற்ற வேண்டும். இதை நான் சொன்னால் செலவு வைக்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். வெட்டிக் காட்டியபிறகு யாரும் மறுத்ததில்லை.

இன்னொன்று, மரப்படகிலும் ஃபைபர் படகிலும் அடிக்கடி நடப்பது. படகுகள் தமக்குள் பேசும் விஎச்எஃப் வானொலியில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதன் கால் அலைநீளம் சுமார் 48 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் மலிவாக விற்கும் கம்பி, வண்டியின் இரும்புக் கூரைக்காகச் செய்தது. ஆன்டெனாவின் மறுபாதி அந்த இரும்புக் கூரைதான். மரத்திலோ ஃபைபரிலோ அதை நட்டால் பாதி ஆன்டெனாவோடுதான் கடலுக்குப் போகிறீர்கள். அடியில் இரும்புக் கூரை தேவைப்படாத, படகுக்கென்றே செய்த அரை அலை ஆன்டெனாவைக் கேட்டு வாங்குங்கள். உயரத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு படகிலும் ஆன்டெனா நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தால் எட்டும் தூரம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். ஒரு படகில் அதை ஒன்பது மீட்டருக்கு ஏற்றினாலே 20 கிலோமீட்டரைத் தாண்டும்.

ஆபத்தில் அழைக்கும் கருவியைத் தகரக் கூரைக்கு அடியிலும், ஐஸ் பெட்டிக்குப் பின்னாலும், சுருட்டிய தார்ப்பாய்க்குள்ளும் பார்த்திருக்கிறேன். திருட்டுப் போகாமல் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றார்கள். அந்தக் கருவி வானத்தைப் பார்த்தால்தான் செயற்கைக்கோள் அதைப் பார்க்கும். பாக் நீரிணையில் எல்லைக்கோட்டைக் கடலில் யாரும் வரைந்து வைக்கவில்லை. ஜிபிஎஸ் திரையில் தெரியும் எண்தான் கோடு. அந்த எண் இல்லாமல் இருட்டில் நிற்கும் படகில் ஐந்தாறு குடும்பங்களின் பிழைப்பும் நிற்கிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். டீசலுக்கும் வலைக்கும் லட்சக்கணக்கில் போடுகிறோம். ஆன்டெனா மட்டும் கேட்பாரற்றுக் கூரையில் கிடக்கிறது.

கரையொதுங்கும் பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானிலை பலூனில் கட்டிவிடும் சிறு வெள்ளைப் பெட்டி, வால் போன்ற கம்பியோடு வந்து ஒதுங்கினால் அதனால் தீங்கு இல்லை. ஆனால் உருளையான, கூம்பு மூக்குள்ள, உடலைச் சுற்றிப் பட்டை ஓடும் கனத்த உலோகப் பொருள் எதையும் தொடாதீர்கள். பித்தளை கிடைக்கும் என்று பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மேலே சொன்ன குண்டைப் பாருங்கள்: வெளியே வெறும் தோலாகத் தெரிந்ததுதான் உள்ளே விழித்திருந்த கருவி. எத்தனை ஆண்டு உப்புநீரில் கிடந்தாலும் வெடிமருந்து செத்துவிட்டது என்று நாம் முடிவுசெய்ய முடியாது. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கோ கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கோ சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாள்கள்தான் ஆன்டெனாவைப் பார்க்கச் சரியான காலம். போல்ட்டைக் கழற்றி அடியைப் பாருங்கள், கேபிள் முனையைப் பாருங்கள், ஆபத்துக் கருவியின் மின்கலத் தேதியைப் பாருங்கள். அதன் சோதனைப் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். அபாயப் பொத்தானை விளையாட்டாகக்கூடத் தொடாதீர்கள். பெயிண்ட் வேலை தொடங்குமுன் குடையைச் செய்தித்தாளால் சுற்றி டேப் ஒட்டுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் பிரித்துவிடுங்கள்.

அந்த டிரைவரின் படகுக்குப் பெயிண்ட் அடித்தவரைப் போன வாரம் பாம்பனில் பார்த்தேன். வேறொரு படகின் கூரையில் இருந்தார். குடையைத் தாளால் சுற்றிவைத்திருந்தார். விஎச்எஃப் கம்பியின் அடித்தட்டைத் தூரிகையால் காட்டி, “அண்ணே, இதன் அடியிலும் பெயிண்ட் போகக் கூடாதுதானே?” என்று கேட்டார். போகக் கூடாது என்றேன். சுரண்டுவதற்குத் தகடு ஒன்று கேட்டார். என் பையில் இருந்ததை எடுத்து மேலே எறிந்தேன்.