சேனாபதி வரமாட்டார், உங்கள் கையில் இருப்பது ஏழு நாள்

பழைய வண்ணாரப்பேட்டையில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறைய பேர் எங்கேயாவது லஞ்சம் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள், ஆனால் நாலு தடவை கேட்டால்தான் அதைச் சொல்வார்கள். லஞ்சம் வாங்குகிறவர்களைக் கொல்கிற சேனாபதித் தாத்தாவின் இரண்டாவது படமான 'இந்தியன் 2' 2024 ஜூலை 12இல் வெளியானதற்கு அப்புறம் ஒரு திங்கட்கிழமை வந்த காசிமேட்டு அக்காவும் அப்படித்தான். மீன் வியாபாரம். வீட்டுக்காரர் இறந்துபோய், வாரிசுச் சான்றுக்கு எழுதிப்போட்டு, மூவாயிரம் கொடுத்தாகிவிட்டது, இன்னும் இரண்டாயிரம் கேட்கிறார்களாம். அந்த இரண்டாயிரத்தைப் பத்தும் இருபதுமாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு மடியில் வைத்திருந்தார். கூட வந்த தம்பி மகன், "சேனாபதி மாதிரி யாராவது வந்து ரெண்டு விரலால குத்தினாத்தான் சார் இவங்க அடங்குவாங்க" என்றான்.

அந்தக் கோபம் எனக்கும் தெரியும். முதல் படத்தை 1996இல் அப்பாவோடு பார்த்தேன், தீக்காயத்தோடு கிடக்கிற மகளைக் காப்பாற்ற லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்று நின்று அவளையே பறிகொடுக்கிற அந்தத் தகப்பனை நினைத்து வீடு வரைக்கும் அப்பா பேசவே இல்லை. அப்போது கமலுக்கு 41 வயது, வேஷம் போட்டுக் கிழவரானார். இரண்டாம் பாகம் வரும்போது அவருக்கே 69, சேனாபதிக்கோ நூறு தாண்டியிருக்க வேண்டும். 28 வருஷம் கழித்தும் அதே தாத்தாவைத்தான், இரண்டாம் பாகத்தில் அவர் இருக்கிற தைபேயில் இருந்து, கூப்பிடுகிறோம் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. நடுவில், 2018இல், லஞ்சச் சட்டமே மாறிவிட்டது. அது யார் காதிலும் விழவில்லை.

கை ஓங்கினால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருக்கிற அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் அடித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 132ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை. லஞ்சம் கேட்டவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் ஜாமீனுக்கு அலைவீர்கள்.

இப்போது அந்த 2018 திருத்தம். ஊழல் தடுப்புச் சட்டம் 8ஆம் பிரிவின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் வேறு வழியில்லாமல், கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர், கொடுத்த நாளில் இருந்து ஏழு நாளுக்குள் போலீஸிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் அவர் மேல் குற்றம் இல்லை. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு அவர்கள் ஏற்பாட்டில் கொடுத்தாலும் குற்றம் இல்லை.

"மூவாயிரத்தை என்னைக்குக் கொடுத்தீங்கக்கா?" என்று கேட்டேன். "போன செவ்வாக்கிழமை சார்." ஆறு நாள் ஓடிவிட்டது. அன்றைக்கு மதியமே ஆலந்தூரில் இருக்கிற லஞ்ச ஒழிப்புத் துறை தலைமை அலுவலகத்துக்குப் போனோம்.

அப்புறம் நடந்ததை அக்கா சொல்லித்தான் கேட்டேன். சில்லறையை நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டாக மாற்றி, எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவி, அரசு ஊழியர்கள் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நீங்களாக நீட்டக் கூடாது, லஞ்சம் கேட்ட ஊழியர் தன் வாயால் கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான், கேட்டதை நிரூபிக்காமல் வெறும் நோட்டைப் பிடித்தால் கோர்ட்டில் பயனில்லை. அவர் கேட்டார், வாங்கினார். சோடியம் கார்பனேட் கரைசலில் அவர் விரலை முக்கியதும் தெளிந்த தண்ணீர் ரோஸ் நிறமாக மாறியது, நோட்டில் தடவிய பொடி அவர் கையில் ஒட்டியிருந்ததற்கு அதுதான் அடையாளம். "கனகாம்பரத்தைக் கசக்கிப் போட்ட மாதிரி இருந்துச்சு சார்" என்றார் அக்கா.

பின்னால் மிரட்டுவார்களே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். அதற்கும் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: புகார் கொடுத்தவர் இறந்தாலும் சாட்சியை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆனாலும், மற்ற ஆதாரங்களை வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம். அதனால் உங்களை மிரட்டி வாயை மூட வைப்பதால் மட்டும் லஞ்சம் வாங்கியவர் தப்பிவிட முடியாது.

அக்காவுக்கு ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காமல் சான்று கிடைத்தது. அவர் தெருவில் இருந்து அதற்கப்புறம் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கொடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். யாருக்காவது கொடுத்திருந்தால் எந்தத் தேதி, யார், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார் என்பதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள், போனில் வந்த மெசேஜை அழிக்காதீர்கள், புரோக்கர் மூலமாகக் கொடுத்திருந்தாலும் அவரும் அதே ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவில் வருவார், அவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.