சாய்ந்து ஓடும் ரயிலும் பின்னால் சரியும் கோபுரமும்

அம்பத்தூர் மாதிரி ஒரு புறநகர் நிலையத்தில், நிற்காமல் பறக்கும் எக்ஸ்பிரஸ் ரயிலைக் கைபேசியில் பக்கவாட்டாகப் படம் எடுத்திருப்பீர்கள். அந்தப் படத்தைத் திறந்து, பெட்டிகளின் கதவோரங்களையும் ஜன்னல் ஓரங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். செங்குத்தாக இருக்க வேண்டிய கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ரயில் கூரைக்கு மேலே தெரியும் மின்கம்பமோ நேராக நிற்கும். கை கோணலாகப் பிடித்திருந்தால் கம்பமும் சேர்ந்தே சாய்ந்திருக்க வேண்டும். சாய்ந்தது ரயில் மட்டும்தான்.

இதற்குக் காரணம் போனுக்குள் இருக்கும் சென்சார், அதாவது ஒளியை உணரும் சில்லு, படத்தைப் படிக்கும் விதம். 12 மெகாபிக்சல் சென்சாரில் ஒளிப்புள்ளிகள் ஏறக்குறைய 3,000 வரிசைகளாக இருக்கும். ஒளி எல்லா வரிசைகளிலும் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அந்த ஒளி தந்த மின்னூட்டத்தை எல்லா வரிசைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் எடுப்பதில்லை. முதல் வரிசை, அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறது. இதற்கு ரோலிங் ஷட்டர் என்று பெயர். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே பல கைபேசிகளில் 10 முதல் 30 மில்லி வினாடி வரை ஆகிவிடும். ஜெராக்ஸ் இயந்திரத்தில் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருக்கும்போது தாளைப் பக்கவாட்டில் இழுத்தால் எழுத்துகள் எப்படிக் கோணிக்கொள்ளுமோ, அதேதான் இங்கே ரயிலுக்கு நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 90 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். சென்சார் முழுவதையும் படிக்க 20 மில்லி வினாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ரயில் 50 செ.மீ. நகர்ந்துவிடும். 4 மீட்டர் உயரமுள்ள பெட்டி படத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை நிறைந்திருந்தால், அதன் கூரை பதிந்த நேரத்துக்கும் சக்கரம் பதிந்த நேரத்துக்கும் நடுவே அரை மீட்டர் ஓட்டம் இருக்கிறது. சாய்வு ஏறக்குறைய 7 டிகிரி. யார் கண்ணுக்கும் படும் அளவு அது. ரயில் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிடித்திருந்தால், பெட்டியைப் படிக்கும் நேரமும் மூன்றில் ஒன்றாகிவிடும். சாய்வு இரண்டரை டிகிரிக்குள் அடங்கிவிடும்.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆகாது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் ரயில் படம் எடுப்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். ஷட்டர் வேகம் என்பது ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு நேரம் ஒளியை வாங்குகிறது என்பது. அதைப் பொறுத்தது கலங்கல். 1/500 வினாடியில் நம் ரயில் 5 செ.மீ. நகர்கிறது, பெட்டி எண் இழுபட்டுப்போகும். 1/2000 வினாடியில் ஒன்றேகால் செ.மீ.தான், எண்ணைத் தெளிவாகப் படித்துவிடலாம். ஆனால் சாய்வைத் தீர்மானிப்பது ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையில் போகும் நேரம். அது சென்சாரின் பிறவிக் குணம். 1/8000 வைத்தாலும் மாறாது. மிகத் தெளிவான, ஆனால் சாய்ந்த ரயில்தான் கிடைக்கும்.

எந்தப் பக்கம் சாயும்? போனைக் கிடைமட்டமாகப் பிடித்திருக்கிறீர்கள், சென்சார் காட்சியின் மேற்பகுதியிலிருந்து கீழ்நோக்கிப் படிக்கிறது, ரயில் இடமிருந்து வலமாக ஓடுகிறது என்று வையுங்கள். கூரை முதலில் பதிகிறது, அப்போது ரயில் சற்று இடப்பக்கம் இருக்கிறது. சக்கரம் கடைசியில் பதியும்போது ரயில் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. ஆகவே கூரை பின்தங்கி, பெட்டி பின்பக்கமாகச் சாய்கிறது. இப்போது அதே போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். படிக்கும் வரிசையும் தலைகீழாகிவிடும். அடுத்து வரும் ரயில் முன்பக்கமாகச் சாயும். போனை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்தால் இன்னும் வேடிக்கை: படிப்பு பக்கவாட்டில் போகிறது. ரயிலும் அதே திசையில் ஓடினால் பெட்டி நீண்டுவிடும், எதிர்த்திசையில் ஓடினால் குறுகிவிடும். கோடுகள் மட்டும் நேராகவே இருக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பாதுகாப்பான இடம் ரயிலுக்குள் ஜன்னலோர இருக்கை. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும்போது 3 மீட்டர் தள்ளி நிற்கும் மின்கம்பத்தை எடுத்தால், அது 8 டிகிரி அளவுக்குச் சாய்ந்து விழும். அதே படத்தில் 300 மீட்டருக்கு அப்பால் வரப்பில் நிற்கும் பனைமரம் நிமிர்ந்தே இருக்கும். அதன் சாய்வு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான். படச்சட்டத்தைக் கடக்கும் வேகம்தான் நூறு மடங்கு வேறுபடுகிறது.

கைபேசி வந்த பிறகு முளைத்த குறை அல்ல இது. பழைய கேமராக்களில் துணித்திரையில் ஒரு பிளவு இருக்கும். அந்தப் பிளவு படம் பதியும் தகட்டின் குறுக்கே நகர்ந்து, பட்டை பட்டையாக ஒளியை விடும். 1910களின் தொடக்கத்தில் பிரான்ஸில் நடந்த கார் பந்தயத்தில் ழாக் ஹென்றி லார்தீக் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதில் காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பார்கள். காட்சியின் தரைப்பகுதி முதலிலும் மேல்பகுதி கடைசியிலும் பதிந்திருக்கிறது. காரைத் தொடர்ந்து அவர் கேமராவைத் திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்குத் திருப்பவில்லை. எனவே கேமராவின் பார்வையில் கார் முன்னால் ஓடியது, கூட்டம் பின்னால் ஓடியது. நம் ரயில் படத்தின் முழுக் கணக்கும் அந்த ஒற்றைப் படத்துக்குள் இருக்கிறது. ரயிலின் வேகத்துக்குச் சரியாகக் கேமராவைத் திருப்பினால் பெட்டி நேராகிவிடும், பின்னணிக் கம்பங்கள் சாயும்.

இன்றைய கேமராக்களில் உள்ள இயந்திர ஷட்டர் சென்சாரைக் கடக்க 4 அல்லது 5 மில்லி வினாடி எடுக்கும். அதனால்தான் பெரிய கேமராவில் எடுத்த ரயில் அவ்வளவாகச் சாய்வதில்லை. அதே கேமராவைச் சத்தமில்லாத மின்னணு ஷட்டருக்கு மாற்றினால் பல மாடல்களில் சாய்வு திரும்ப வந்துவிடும். எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் சென்சார் முழுச்சட்ட கேமராவில் முதன்முதலாக 2023இல் சோனி அறிவித்த ஏ9 III மாடலில் வந்தது. விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது.

ரயில் முகப்பில் ஊர்ப்பெயர் காட்டும் எல்இடி பலகை படத்தில் பாதி எழுத்தோடு வருவது வேறொரு சங்கதி. அந்தப் பலகையில் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. பகுதி பகுதியாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மாறி மாறி எரிகின்றன. இங்கே மட்டும் ஷட்டரை மெதுவாக்க வேண்டும். 1/100 வினாடிப் பக்கம் வந்தால் எழுத்து முழுசாகக் கிடைக்கும். ரயில் நிற்கும்போது செய்ய வேண்டிய வேலை அது.

கட்டடங்கள் ஓடுவதில்லை, ஆனாலும் சரிகின்றன. சென்ட்ரல் நிலையத்தின் பக்கத்தில் 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையின் மணிக்கூண்டு 43 மீட்டர் உயரம். அருகில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் இரு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக நெருங்கி, கூண்டே பின்னால் மல்லாந்து விழுவதுபோல வரும். இதற்கு நேரத்தோடு தொடர்பில்லை. சென்சாரின் தளம் சுவருக்கு இணையாக இல்லை, அவ்வளவுதான். கேமரா பார்க்கும் திசையில் ஒரு பொருள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதற்கு ஏற்ப அதன் அளவு சுருங்கும். 40 மீட்டர் தள்ளி நின்று 25 டிகிரி அண்ணாந்து எடுத்தால், கூண்டின் அடி ஏறக்குறைய 36 மீட்டர் ஆழத்திலும் உச்சி 54 மீட்டர் ஆழத்திலும் இருக்கும். ஒரே அகலமுள்ள சுவர் உச்சியில் மூன்றில் இரண்டு பங்காகக் குறுகிவிடும். 100 மீட்டர் தள்ளிப் போனால் 11 டிகிரி அண்ணாந்தாலே போதும். அப்போது உச்சியின் அகலம் அடியில் 92 சதவீதம். நேரில் பார்க்கும்போது கண்ணிலும் இதே குறுகல்தான் விழுகிறது, ஆனால் தலையை அண்ணாந்திருக்கிறோம் என்று தெரிந்த மூளை அதைத் திருத்திக்கொள்கிறது. சின்னத் திரையில் உள்ள படத்துக்கு அந்தத் திருத்தம் கிடைப்பதில்லை.

கோயில்களில் இந்தக் குறுகல் ஒளிந்துகொள்ளும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் இயல்பாகவே மேலே குறுகுவது. கிட்டே நின்று எடுத்தால் மேல்தளங்கள் இன்னும் ஒடுங்கிப்போய், 1010இல் கட்டி முடித்தவர்கள் பார்த்துப் பார்த்து அமைத்த விகிதம் கெட்டுவிடும், கெட்டதே நமக்குத் தெரியாது. அங்கே நல்லவேளையாக 240 மீட்டர் நீளமுள்ள திருச்சுற்று இருக்கிறது. நுழைவாயில் பக்கம் வரை பின்வாங்கி எடுத்தால் 60 மீட்டருக்கும் மேற்பட்ட விமானம் தன் உண்மையான உருவில் நிற்கும். படத்தை எடுத்துவிட்டுச் செயலியில் நேராக்கவும் முடியும். ஆனால் செயலி உச்சியை இழுத்து அகலப்படுத்துகிறது, இல்லாத நுணுக்கத்தை அதனால் வரவழைக்க முடியாது. சிற்பங்கள் மெழுகாகிவிடும்.

இதே கோயிலில் 1858இல் லின்னேயஸ் டிரைப் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான அவர் விமானத்தின் அதிட்டானத்தில் (அடிப்பீடத்தில்) உள்ள கல்வெட்டுகளைப் பதிவு செய்ய, ஓரிடத்தில் நின்று கேமராவைத் திருப்பவில்லை. சுவரோடு நகர்ந்து நகர்ந்து 21 படங்கள் எடுத்து ஒட்டினார். கேமரா சுவரைப் பார்த்து நேராக நின்றால்தான் எழுத்து கோணாது. காகித நெகட்டிவில், ஒவ்வொன்றுக்கும் நீண்ட நேரம் ஒளி கொடுத்துச் செய்த வேலை அது.

பின்வாங்குவது மலைக்கும் உதவும். திருநெல்வேலி–நாகர்கோவில் பாதையில் ஆரல்வாய்மொழிப் பக்கம், ரயிலுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்பது போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். ரயில் 50 மீட்டரிலும் மலை 2 கி.மீ. தொலைவிலும் இருந்தால் மலை சிறுத்துத்தான் வரும். 200 மீட்டருக்குப் பின்வாங்கி, நான்கு மடங்கு ஜூம் வையுங்கள். ரயில் பழைய அளவிலேயே இருக்கும். மலைக்கான தூரமோ 2,000 மீட்டரிலிருந்து 2,150 ஆகத்தான் கூடியது. ஆகவே மலை முன்பைவிட 3.7 மடங்கு பெரிதாக எழும். ஜூம் செய்தது வெட்டிப் பெரிதாக்கும் வேலை மட்டும். மலையை உயர்த்தியது நீங்கள் நடந்த 150 மீட்டர்.

அந்தத் தூரத்தில் வளைவு ஒன்றின் வெளிப்புறம் நின்றால் ரயில் குறுக்கே ஓடாமல் உங்களை நோக்கி வரும். பார்வைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே 20 டிகிரி கோணம் என்றால், வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறுக்காக விழும். சாய்வும் கலங்கலும் அதே அளவுக்குக் குறைந்துவிடும், போனே போதும். தண்டவாளத்தை ஒட்டி நிற்க வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது. ரயில்வே இடத்துக்குள் அனுமதியின்றி நுழைவது ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி குற்றம், அதைவிட முக்கியம் உயிர். நடை மேம்பாலம், பாதையை விட்டுத் தள்ளியிருக்கும் பொதுச்சாலை, பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் என்று நின்றாலே நல்ல கோணங்கள் கிடைக்கும்.

தொலைவிலிருந்து எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வெயில் ஏறியதும் ஜல்லியும் தண்டவாளமும் சுடும். அவற்றின் மேல் வெப்பம் வேறுபட்ட காற்று அடுக்குகள் கலங்கி, ஒளியைக் கணத்துக்குக் கணம் வேறு வேறு பக்கம் வளைக்கும். ஜூம் கூடக் கூட அந்த அலைவும் பெரிதாகும். ரயிலின் முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும், எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கோடையில் காலை 8 மணிக்கு முன்னால் கடக்கும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு என்றால் மேம்பாலத்தின் மேலிருந்து எடுங்கள். பார்வைக்கோடு சுடும் ஜல்லியை விட்டு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு நெளிவு குறையும்.