குளுக்ககானோமா: கட்டியா, கழலையா, புற்றா?

சேலம் ஐந்து ரோட்டில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருகிறவர் அறிக்கையைப் பிரித்ததும் ‘ஓமா’ என்று முடியும் சொல் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்? லைப்போமா என்றால் வெறும் கொழுப்புக் கட்டி, கவலையில்லை. லிம்போமா என்றால் புற்றுநோய். ஈறு இரண்டுக்கும் ஒன்றுதான். கிரேக்கத்திலிருந்து வந்த அந்த ஈறு ‘கட்டி’ என்பதோடு நின்றுவிடும். அது நல்லதா கெட்டதா என்பதை மருத்துவம் படித்தவர்தான் அறிவார்.

குளுக்ககானோமாவும் இதே ஈற்றில் முடிவதுதான். அதன் முற்பாதி குளுக்ககான். குளுக்கோஸைக் கிளப்பிவிடுவது என்ற கருத்தில் ஆய்வாளர்கள் கிம்பால், முர்லின் இருவரும் 1923-இல் சூட்டிய பெயர். கல்லீரலில் சேமித்த கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடும் ஹார்மோன் இது. இன்சுலினுக்கு நேர் எதிர். கணையத்தில் 1869-இல் லாங்கர்ஹான்ஸ் கண்ட திட்டுகளிலுள்ள ஆல்ஃபா செல்கள் இதைச் சுரக்கின்றன. அந்தச் செல்களில் தோன்றும் கட்டியே குளுக்ககானோமா. பெரும்பாலும் கணையத்தின் வால்பகுதியில் வரும்.

கணையம் என்பதற்குக் கோட்டைக் கதவின் குறுக்கே இடும் மரம் என்று அகராதியில் ஒரு பழம்பொருள் உண்டு. இரைப்பைக்குப் பின்னே குறுக்காகக் கிடக்கும் உறுப்புக்கு இந்தப் பெயரை வைத்தவர் அதை எண்ணினாரோ என்னவோ, பொருத்தம் பிரமாதம். ‘முழுவதும் சதை’ என்று மட்டும் சொல்லும் ‘பான்கிரியாஸ்’ என்ற கிரேக்கப் பெயரைவிட எனக்கு இதுவே பிடிக்கிறது.

மிக அரிய நோய். ஆண்டுக்கு 2 கோடிப் பேரில் ஒருவருக்கு என்பது வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பில் சுமார் 35 லட்சம் பேர் இருந்த சேலம் மாவட்டத்துக்கு, ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருவர் என்று வரும்.

அந்த ஒருவர் முதலில் வயிற்று மருத்துவரிடம் போகமாட்டார். பலருக்கு நோய் தோலில்தான் தெரியும். தொடை இடுக்கு, அடிவயிறு, பிட்டம், கால் ஆகிய இடங்களில் சிவந்த தடிப்பு எழும். நடுவில் கொப்புளம் கட்டி உடைந்து பொருக்காகும். நடுப்பகுதி ஆறும்போதே ஓரம் பரவும். ஓரிடத்தில் அடங்கினால் வேறிடத்தில் கிளம்பும். நம் ஊர்ப்பக்கம் இதைப் பார்த்தால் ‘அக்கி’ என்பார்கள். குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண் குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். தடிப்பு தானாகவே தணிந்து திரும்ப வருவது என்பதால், தணியும்போது புகழ் காவிக்குப் போய்விடும்! தோல் மருத்துவர் வில்கின்சன் 1973-இல் இதற்கு இட்ட நீண்ட ஆங்கிலப் பெயரைத் ‘திசு மடிந்து நகரும் செந்தடிப்பு’ எனலாம். கூடவே நாக்குப் புண், எடை இழப்பு, ரத்தச்சோகை, புதிதாக வந்த சர்க்கரை நோய், சிலருக்குக் கால் ரத்தநாளத்தில் ரத்த உறைவு. இவை சேர்ந்து வந்தால் ரத்தத்தில் குளுக்ககான் அளவைப் பார்க்க வேண்டும். இந்நோயில் அது பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 500 பைக்கோகிராமைத் தாண்டியிருக்கும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘கட்டி’ போதாது, சீழ் வைத்தாலும் கட்டிதான். ‘கழலை’ துல்லியமானது, ஆனால் கழுத்துக் கழலையோடு பல ஆண்டுகள் வாழ்ந்த பாட்டிகளைப் பார்த்தவர்கள் அலட்சியமாக இருந்துவிடுவார்கள். ‘புற்று’ சேர்வராயன் அடிவாரத்தில் மஞ்சள் பூசிக் கும்பிடும் அதே சொல். உள்ளே குடைந்து பரவுவதை அது மறைப்பதில்லை. இன்சுலின் சுரக்கும் கட்டிகளான இன்சுலினோமாக்களில் பத்துக்கு ஒன்பது தீங்கற்றவை, ஆகவே ‘இன்சுலின் கழலை’ சரி. குளுக்ககானோமாவில் பெரும்பாலானவை புற்றே. கண்டுபிடிக்கும்போதே பாதிப் பேருக்கு மேல் பரவியிருக்கும், பெரும்பாலும் கல்லீரலுக்கு. எனவே ‘குளுக்ககான் சுரக்கும் கணையப் புற்று’ என்பேன். நீளம்தான், இருக்கட்டும்.

வழக்கமான கணையப் புற்றுநோயோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது மெதுவாக வளர்வது. பரவுவதற்கு முன் அறுவை செய்தால் குணமாக வாய்ப்புண்டு. பரவிய பிறகும் ஆக்ட்ரியோடைடு ஊசி ஹார்மோன் சுரப்பைக் குறைப்பதால் தோல் தடிப்பு பெரும்பாலும் தணிகிறது.