மதச்சார்பின்மை: யாருடைய சார்பு?

‘எங்கள் ஊரில் எல்லா மதத்தவரும் ஒற்றுமையாக இருக்கிறோம், இதுதான் மதச்சார்பின்மை’ என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஒற்றுமை வேண்டியதுதான். ஆனால் அதற்கு மதநல்லிணக்கம் என்று தனிச்சொல் இருக்கிறது. கடவுளை நம்பாதவரை ‘மதச்சார்பற்றவர்’ என்பாரும் உண்டு, அவர் இறைமறுப்பாளர். மதச்சார்பின்மை அரசின் மீது சுமத்தப்பட்ட கடமை. தவறினால் அரசு நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு இணையான ‘செக்யூலர்’ என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘சேக்குலும்’ என்றால் தலைமுறை, நெடுங்காலம். நித்தியத்திலிருந்து வேறான இவ்வுலகக் காலத்தைக் கிறிஸ்தவத் திருச்சபை அச்சொல்லால் குறித்தது. மடத்துக்கு வெளியே, மக்கள் நடுவே பணியாற்றிய குருமார்களுக்கும் அந்த அடைமொழியே. ஆக, சொல் பிறந்த இடம் திருச்சபை. அதை ‘செக்யூலரிசம்’ என்ற கொள்கைப் பெயராக்கியவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக், 1851இல்.

இந்திய அரசமைப்பின் முகப்புரையில் இச்சொல் 1976ஆம் ஆண்டு 42ஆவது திருத்தத்தால் சேர்ந்தது. அதற்கு முன் அரசமைப்பில் அது இல்லவே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். 25ஆவது உறுப்பைத் திறந்து பாருங்கள். சமய வழக்கத்தோடு தொடர்புடைய பொருளாதார, நிதி, அரசியல் அல்லது பிற ‘செக்யூலர்’ செயல்களை முறைப்படுத்தச் சட்டம் இயற்றலாம் என்று தொடக்கம் முதலே அங்கே எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் ‘மதச்சார்பற்ற’ என்று மொழிபெயர்த்தால் பொருள் சிதறும். ‘உலகியல்’ என்பதே சரி; பேச்சு வழக்கில் லௌகீகம். கோயிலில் பூசை முறை சமயம், உண்டியல் கணக்கு உலகியல். அர்ச்சகர் நியமனம் உலகியல் செயல், பரம்பரை உரிமையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு இந்தப் பிரிவினையே அடிப்படை.

முகப்புரைக்கு மட்டும் ‘மதச்சார்பற்ற’ என்பது பொருந்துகிறது. அழகாகவே பொருந்துகிறது, ‘சார்பு’ என்ற சொல்லால். சாய்வது சார்பு, ஒரு பக்கம் பேசுபவரைச் சார்பாகப் பேசுகிறார் என்கிறோம். அண்டி நிற்பதும் சார்பு; முதலெழுத்தை அண்டிப் பிறப்பவை சார்பெழுத்துகள். சார்பின்மை என்னும்போது இரண்டும் விலகுகின்றன: அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயக் கூடாது, எந்த மதத்தையும் அண்டி வாழக் கூடாது. வேற்று மொழிச் சொல்லில் இந்த இரட்டைப் பொருள் இல்லை. இருக்கும் சொல்லை நாம் குறைவாக மதிக்கிறோம் என்பது என் வருத்தம்.

மதமா, சமயமா என்ற கேள்வியும் வரும். இரண்டும் வடசொற்களே. நன்னூல் ‘எழுவகை மதம்’ என்று சொல்வது ஆசிரியர்களின் கொள்கை நிலைகளை. யானைக்குப் பிடிப்பதும் மதம்தான். அதனால் ‘சமயச்சார்பின்மை’ என்று எழுத விரும்புவோர் உண்டு. எதை எழுதினாலும் பிழையில்லை.

கடமை தவறினால் என்ன நடக்கும்? 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் ஒலிக்கையில் மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கை தடுப்பதால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் கைவிரித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 19, 25 ஆகிய உறுப்புகள் தரும் உரிமைகள் மீறப்பட்டன என்று சொல்லி, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் தடையின்றிப் படிக்க விடவும் உத்தரவிட்டது.